முன்னால் நடந்த அக்கா

“…அதுக்கெண்டு நான் உங்களுக்குப் பின்னாலை வரேலுமோ அத்தான்? வழி எனக்கெல்லோ தெரியும்” என்று சொல்லிக்கொண்டே அக்கா வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் அவரை முந்திக்கொண்டு ஏறினார். முந்தினவர் சும்மா போகவில்லை. பத்து அடி போனதும் திரும்பி, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார். பாலத்தில் அத்தனை வெள்ளைக்காரர் இருந்தும் அந்த மனிதருக்கு எதிரே தெரிந்தது அக்கா ஒருவர்தான்.

அவர் அக்காவின் கணவருடைய தமையன். ஊரில் புகையிலை வியாபாரம். அன்று விடியத்தான் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். இரவு ரயிலில் கிளாஸ்கோ போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை டாக்குத்தர். மனைவியும் மகளும் பெரிய பெட்டிகளோடு முன்பே போய்விட்டார்கள். இவருக்கு விசா பிந்தித்தான் கிடைத்தது. விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் ஒரு கோடைப் பகல் மிஞ்சியது. லண்டனில் அவருக்குத் தெரிந்த வீடு அக்காவின் வீடு ஒன்றுதான். “ஒரு நாள்தானே அத்தான், நான் லண்டன் சுத்திக் காட்டுறன்” என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அக்கா அவ்வளவு இனிமையாகப் பேசினால் யாரோ ஒருவருக்கு அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

டூட்டிங்கில் அக்காவின் வீட்டு மேல்மாடிச் சிற்றறையில் நான் ஐந்து வருடம் இருந்தேன். வாடகைக்கு இருந்த மூன்று பேருக்கும் அவரே சமைத்துப் போடுவார். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. ஒல்லியான ஆள், பெரிய கண்ணாடி, சத்தம் வராத செருப்பு. அவர் உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது அவருக்கு ஒன்று செய்தால், நல்லதோ கெட்டதோ, அதே அளவில், அதே உருவில் திருப்பிக் கொடுப்பார். “நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்” என்பார். எப்போது கொடுப்பார் என்பதுதான் தெரியாது. “கோவத்தை வந்த உடனை செலவழிக்கிறவன் ஊதாரி தம்பி.”

எனக்கே கிடைத்தது. நான் வந்த புதிதில், விருந்தாளிகள் நாலு பேர் இருக்கும்போது, “அக்கா, கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஒரு மாதம் போனது. நான் மறந்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிறு, அதேமாதிரி நாலு விருந்தாளிகள். என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் கறி உப்பே இல்லாமல் வந்தது. பக்கத்தில் உப்புப் போத்தல். “தம்பிக்கு உப்பின்ரை அளவு நல்லாய்த் தெரியும். தன்ர கையாலை போட்டாத்தான் அவருக்குச் சரிவரும்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நாலு பேரும் என்னையே பார்க்க, நான் போட்டேன். கூடிப்போனது. அதையும் தின்று முடித்தேன்.

அது சின்னது. கோயில் திருவிழாவில் ஒரு பெண், நல்ல வசதியானவர், அக்காவைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் “உவ ஆஸ்பத்திரியிலை கோப்பை கழுவுறவ” என்றார். அக்கா காதில் விழுத்தினார், வடை வாங்கினார், வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் பித்தப்பையில் கல்லோடு அதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். சாப்பாட்டுத் தட்டை வார்டுக்குக் கொண்டுபோவது அக்காவின் வேலை இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிக் கொண்டுபோனார். ஒவ்வொரு நாளும், மூன்று வேளையும். கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீரைத் திறந்து, அந்தப் பெண் பார்க்கப் பார்க்கக் கோப்பையைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “பாருங்கோ அக்கா, துப்பரவோ? வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்பார். நாலாம் நாள் அந்தப் பெண் அழுதாராம்.

“அழுதாப் பிறகு விட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“அவ எத்தினை பேருக்கு முன்னாலை சொன்னவ? ஏழு பேர். நான் ஏழு நாள் கழுவினன்.”

அதே கையால் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ரசம் வைத்துக் கொண்டுபோயும் கொடுத்திருக்கிறார். ஏனென்றால் முன்பொரு காலம் அந்தப் பெண் அக்காவுக்குக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தவராம். அக்காவுக்கு இரண்டும் நினைவில் இருந்தன. “மறதி ஒரு நோய், ஒரு வருத்தம். எனக்கு ரத்தப் பிறசரும் இல்லை, அந்த வருத்தமும் இல்லை” என்று சொல்லி அரிசி களைவார்.

இப்படிப்பட்டவர் கணவருடைய தமையனை லண்டன் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் அதைச் சும்மா நம்பலாமா? எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. “தம்பி, நீரும் வாரும், அத்தான்ரை பையைத் தூக்க ஒரு ஆள் வேணும்” என்றார். போனேன்.

எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே முதலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். முழுவியளம் என்று பெயர். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நல்லது. கைம்பெண் வந்தால் ஆகாது. திரும்பி வீட்டுக்குள் போய், கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும். அந்த மனிதர் இதில் மிகவும் கட்டுப்பாடானவர். அக்காவோ பத்து வருடத்துக்கு மேலாகக் கைம்பெண்.

காலை விமான நிலையத்தில், தடுப்புக் கம்பிக்கு அருகில், அவரைக் கூட்டிப்போக அக்கா நின்றார். இந்த நாட்டில் அவர் கண்ட முதல் முகம் அக்காவினுடையது. அவர் சட்டென்று குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத சப்பாத்து.

வீட்டில் குளித்து, சாப்பிட்டு, சரியாகப் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டோம். அவர் வாசற்படியில் கால் வைக்க, அக்கா கேற்றடியிலிருந்து திரும்பி எதிரே வந்தார். “குடையை விட்டிட்டன் அத்தான்.” வானத்தில் மேகமே இல்லை. அவர் உள்ளே போனார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். மறுபடி வெளிக்கிட்டார். “திறப்பை விட்டிட்டன் அத்தான்.” சாவிக்கொத்து அக்காவின் கையிலேயே இருந்தது. மறுபடி தண்ணீர். மூன்றாம் முறை அக்கா எதையும் விடவில்லை. கேற்றில் சாய்ந்து நின்று, “வாங்கோவன் அத்தான், நேரம் போகுது” என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டார். மூன்றாவது கிளாஸ்.

அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? வாட்டர்லூவில் இறங்கியதும் அவர் என் காதருகே வந்து, “தம்பி, ஒருக்கால் ஒதுங்கோணும்” என்றார். எனக்கு இடம் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. முன்னால் நடந்தார். அவர் ஆண்கள் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது, நல்ல காரியத்துக்குப் போகிறவரை வரவேற்பதுபோல், வாசலுக்கு நேர் எதிரே அக்கா கைகட்டி நின்றார். மனிதர் திரும்பி உள்ளே போய்க் குழாயில் ஒரு வாய் குடித்துவிட்டு வந்தார்.

இப்படித்தான் அவர் லண்டன் பார்த்தார். பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டார். கமராவில் பார்த்தேன்: மணிக்கூடு, அவர், இரண்டுக்கும் நடுவில் அக்கா. “சிரியுங்கோ அத்தான்.” அரண்மனை வாசலில் உயரத் தொப்பி வைத்த சிப்பாய் ஆடாமல் அசையாமல் நின்றான். அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அரசாங்க உத்தியோகத்தன் தம்பி. நல்ல முழுவியளம். நான் இவனைப் பாத்துக்கொண்டு இஞ்சையிருந்து வெளிக்கிடுறன்” என்று இரகசியமாகச் சொல்லி, கண்ணை மூடி, முருகனைக் கும்பிட்டு, கண்ணைத் திறந்தார். வேலிக் கம்பிக்கும் அவருக்கும் இடையில் அக்கா நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் என்னை ஒரு பக்கம் இழுத்தார். வெயிலில் வியர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“தம்பி, உமக்கு வழி தெரியாதோ? நீர் முன்னாலை போமன். அவ பின்னாலை வரட்டும்.”

எனக்கு வழி தெரியும். அந்தப் பகுதியில் இரண்டு வருடம் வேலை செய்தவன் நான்.

“தெரியாது ஐயா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஐந்து வருடம் அக்காவின் சோறு தின்ற நன்றி என்று ஒரு பக்கம். மற்றப் பக்கம், உள்ளதைச் சொன்னால், பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

ஆனால் பூங்காவில் அவர் புல்லில் துண்டை விரித்துச் சாய்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்து மனம் கேட்கவில்லை. தள்ளி ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனேன்.

“காணும், விடுங்கோ அக்கா. வயசு போன மனுசன். மகளின்ரை கலியாணத்துக்குப் போறார். பயந்து போனார்.”

அக்கா பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்தார். பாதியை எனக்குத் தந்தார்.

“என்ர மனுசன் செத்து ரெண்டாம் மாசம், நான் இவரின்ரை வீட்டிலைதான் இருந்தனான். ஒரு நாள் இவரும் பெண்சாதியும் மகனுக்குச் சம்பந்தம் பேச வெளிக்கிட்டவை. ‘பிள்ளை, நாங்கள் படலை தாண்டுமட்டும் அறைக்குள்ளை இரும்’ எண்டார். இருந்தன். நான் மறந்து வெளியிலை வந்திடுவன் எண்டு வெளியாலை கொண்டியைப் போட்டவர். போட்டிட்டுப் போயிட்டார்.”

“பிறகு?”

“பிறகென்ன? ஆரும் வீட்டிலை இல்லை. பதினொரு மணி. அறைக்குள்ளை நெல்லு மூட்டையள்தான். சரியான தண்ணி விடாய். கத்திப் பாத்தன். பிறகு நெல்லைச் சப்பிக்கொண்டு இருந்தன். பின்னேரம் ஆறு மணிக்கு மகள் ரியூசனாலை வந்தவள். பன்ரெண்டு வயசுப் பிள்ளை, கொண்டி எட்டாது. கதிரையை இழுத்துக்கொண்டு வந்து ஏறித் திறந்தாள். செம்பிலை தண்ணி கொண்டு வந்து பருக்கினாள்.” அக்கா புல்லில் படுத்திருந்தவரைப் பார்த்தார். “அந்தப் பிள்ளைக்குத்தான் ஞாயிறு, நாளையிண்டைக்குக் கலியாணம்.”

“அவர் வந்து ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னவர். ‘போன காரியம் சரிவந்திட்டுது பிள்ளை’ எண்டு சந்தோசமாய்ச் சொன்னவர். கொண்டியைப் பற்றி ஒரு கதை இல்லை.”

தோடம்பழத் தோலை ஒரு கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். “பதினொண்டிலையிருந்து ஆறு மட்டும். ஏழு மணித்தியாலம். நானும் பதினொண்டுக்குத்தான் துடங்கினனான். ஆறு மணிக்கு விட்டிடுவன். பயப்பிடாதையும்.”

டிரஃபல்கர் சதுக்கத்தில் அவர் அக்காவைப் பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்து, புறாக் கூட்டத்துக்குள் போய்விட்டார். தலையிலும் தோளிலும் புறா. ஒரு ஜப்பான்காரக் குடும்பம் அவரைப் படம் எடுத்தது. கண்ணைத் திறந்தபோது தோளிலிருந்த புறாவைத் தட்டிவிட்டுக்கொண்டு எதிரே நின்றவர் அக்காதான்.

“பிள்ளை” என்றார் அவர். குரல் தளர்ந்திருந்தது. “நீர் வேணுமெண்டு செய்யிறீரோ?”

“என்னத்தை அத்தான்?”

அவரால் சொல்ல முடியவில்லை. நீ என் முன்னால் வராதே என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குக்கூட முன்னால் வரவேண்டியிருக்கிறதே! முன்பு கதவை மூடியபோது அவருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

ஆறு மணிக்கு, அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தேவாலய மணி அடித்து ஓய்ந்ததும், அக்கா என் முழங்கையைத் தொட்டார். “இனி நீர் முன்னாலை போம். நான் பின்னாலை வாறன்.”

நம்பமாட்டீர்கள், அந்த மனிதர் பத்து வயது குறைந்தவர்போல் நடந்தார். நோர்தன் லைன் பாதாள ரயிலில் யூஸ்டன் நிலையம் வரும்வரை என்னோடு புகையிலை விலை, மாப்பிள்ளையின் படிப்பு எல்லாம் பேசினார். அக்கா பெட்டியின் அடுத்த முனையில் இருந்தார். யூஸ்டனில் அக்காவே வரிசையில் நின்று மூன்று தேத்தண்ணி வாங்கிவந்து, அத்தானுடையதில் இரண்டு சீனி கூடப் போட்டு, தூரத்து மேசையில் போய் இருந்தார். அவர் முகத்தில் ஒரு நிறைவு. வேலை முடிந்த ஆளின் நிறைவு. எல்லாம் இத்தோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

தேத்தண்ணி குடித்த தெம்பில் அந்த மனிதர் தோள் பையைத் திறந்து ஒரு கட்டுக் கலியாண அழைப்புக் காட்டுகளை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. ஒன்றை எடுத்து, என் பெயரைக் கேட்டு எழுதி, எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

“தம்பி, முறையாய்ச் சொல்லுறன். கட்டாயம் வரோணும்.”

காலையில்தான் அறிமுகமானவன். பை தூக்கினவன். நான் வாங்கினேன். வாங்கியபடி அக்காவைப் பார்த்தேன். அவர் அந்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரும் திரும்பிப் பார்த்தார். காட்டுக் கட்டு இன்னும் கையில் இருந்தது. அதில் அரைவாசி மிச்சம். அதைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, அக்கா இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார்:

“பிள்ளை, நீர் இனிச் சுகமாய் வீட்டை போம். பிளாற்போமுக்கு வரவேண்டாம். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுறன். விளங்கும்தானே உமக்கு?”

“விளங்குது அத்தான்” என்றார் அக்கா. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை எடுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். சத்தம் வராத செருப்போடு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

எனக்கு அந்தக் காட்டு கையைச் சுட்டது. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ரயில் வந்து நின்றது. வெளியே கோடை வெயில் ஓய்ந்து இருட்டியிருந்தது. அவருடைய ரயில்பெட்டியைத் தேடிப்பிடித்தேன். சீருடைக்காரப் பெண் ஒருத்தி ரிக்கற்றைப் பார்த்துத் தலையாட்டினாள். ஏறவேண்டியதுதான். ஆனால் அவர் ஏறவில்லை.

“தம்பி, நீர் அந்தப் பக்கம் போய், எனக்கு நேரை வாரும். உம்மை முழுவியளமாய்ப் பாத்துக்கொண்டு ஏறுறன்.”

நாற்பது அடி போய்த் திரும்பினேன். அவர் படிக்கு முன்னால் கைகூப்பி, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு நின்றார். நான் வந்தேன். நான் கிட்ட வர, என்னையும் தாண்டி யாரோ வேகமாக நடந்து முன்னுக்கு வந்தார்கள். அக்கா. கையில் ஒரு ரயில் ரிக்கற்.

“தம்பி, அந்தக் காட்டைத் தாரும்.”

“ஏனக்கா?”

“மண்டபம் எங்கையெண்டு தெரியவேணுமே. உமக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. எனக்கு லீவு கிடக்கு.”

கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, என் பெயர் எழுதியிருந்த பக்கம் உள்ளே போக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அந்த மனிதரின் கூப்பிய கை அப்படியே நின்றது. “பிள்ளை… உமக்குக் கலியாணத்துக்குச் சொல்லேல்லையெல்லோ?”

“ஓம் அத்தான். நீங்கள் சொல்லேல்லை. எனக்குத் தண்ணி தந்த பிள்ளைக்கு நான் ஒரு வாழ்த்துச் சொல்லோணும். அது அவளுக்கு.” அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார். “உங்களுக்கும் கிடக்கு. நாளைக்குக் காலமை கிளாஸ்கோவிலை நீங்கள் இறங்கேக்கை ஆராவது எதிரை நிக்கோணுமே. நான் நிக்கிறன். மண்டபத்துக்கு வெளிக்கிடேக்கையும் நிக்கிறன். பந்தலுக்கை போகேக்கையும் நிக்கிறன்.”

“ஆறு மணியோடை விடுறன் எண்டீங்கள் அக்கா” என்று நான் மெல்லச் சொன்னேன்.

“அது பழசு” என்றார். “இது ஆறரைக்கு நடந்தது.”

அந்த மனிதர் வழிவிடவில்லை. வழிவிடக் கூடாது என்றல்ல, கால் அசையவில்லை. அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு போய், சீலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் சற்றே தூக்கி, அவர் ஏறக் காத்திருந்த அதே படியில், அவருக்கு முன்னால், வலது காலை எடுத்து வைத்து ஏறினார்.